பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட முகம்

பதினேழு குழந்தைகளை ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போன ஒருத்தி பிடிபட்டுவிட்டாள் என்ற செய்தி, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மூன்று தெருக்களைக் கடந்து மருந்துக்கடை வரை வந்துவிட்டது. மருந்துக்கடையில் அவளுக்கு நான்கு கூட்டாளிகள் சேர்ந்தார்கள். முடிதிருத்தும் கடையில் அவளுக்கு ஒரு வேன் கிடைத்தது. பத்து மணிக்கெல்லாம் துணி தேய்ப்பவர் அவளைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். விலங்கு மாட்டி இழுத்துப் போனார்களாம், அவள் சிரித்துக்கொண்டே போனாளாம்.

வதந்தி என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்ததில் பதினேழு என்ற எண் சரியாக இருந்தது. வேனும் சரி. ஒரே நாளில் என்பதும் சரிதான். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழே காலுக்கும் எட்டுக்கும் நடுவில், அவள் பதினேழு குழந்தைகளை அவரவர் வீட்டு வாசலிலிருந்து கொண்டுபோனாள். செய்தியில் விட்டுப்போன விவரம் ஒன்றுதான்: மாலை நாலரைக்குள் பதினேழையும் திருப்பிக் கொடுத்தும் விடுவாள். பதினோரு வருடத்தில் எண்ணிக்கை ஒருநாளும் குறைந்ததில்லை. ஒரே ஒருமுறை கூடியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் வேறொரு வேன் பையன் இதில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

விலங்கு பொய். கூட்டாளிகள் பொய். சிரித்ததில் மட்டும் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் ஊரே சுவரில் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளை எல்லோரும் வேனக்கா என்றார்கள். பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டு, பெற்றோர் அப்படிக் கூப்பிட்டு, கடைசியில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் அவள் கணவரே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். வயது நாற்பத்தெட்டு. வேலை, பள்ளி வேனின் கதவோர சீட். பிள்ளைகளை ஏற்றுவது, எண்ணுவது, தண்ணீர் பாட்டில் யாருடையது என்று தீர்ப்பு சொல்வது, கழன்ற ஷூவுக்கு ஜோடி தேடுவது, எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும் என்று தெரிந்து அந்தத் திருப்பத்துக்கு முன்பே பையை விரித்துப் பிடிப்பது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை அம்மாவின் கையை விடாமல் கதறினால், அவளிடம் நாலு வாக்கியம் இருந்தன. பையைக் குடு, நான் தூக்கிக்கறேன். அழக்கூடாது. அம்மா வந்துடுவாங்க. இப்ப நாம ரெண்டு பேரும் போலாமா. இந்த நாலும் பதினோரு வருடமாக ஒரே வரிசையில், ஒரே குரலில் வந்தன. மூன்றாவதற்குள் அழுகை நின்றுவிடும். நாலாவதற்குப் பிள்ளை படியில் கால் வைத்திருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கே சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னறையில் முட்டிவலியோடும் கைபேசியோடும் குடியிருந்த அவள் நாத்தனார் இதை நாளொன்றுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அதனால் நாமும் ஒரு தடவை சொல்லிவைத்தோம்.

இப்போது வாந்தியைப் பற்றி. அது ஓர் ஆளின் பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடமே அந்த வேனில் ஏறிய பையன். தண்ணீர்த்தொட்டித் திருப்பத்தில் தினமும் வேனக்காவின் மடியில் காலை ஆகாரத்தைச் சமர்ப்பிப்பான். சக பயணிகள் அன்பாக வைத்த பெயர் அது. ஆறு வருடம் அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டிருக்கிறாள். இப்போது அவன் திரைப்படக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தாடையில் எண்ணி இருபது முடி, தலையில் கறுப்புத் தொப்பி, எதைப் பார்த்தாலும் இரண்டு கை விரல்களாலும் சட்டம் கட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். கல்லூரியில் அவனை டைரக்டர் என்றார்கள். இந்தக் கதைக்குப் பழைய பெயரே போதும்.

அவன் ஒரு சனிக்கிழமை வேனக்காவின் வீட்டுக்கு வந்தான். பதினோரு நிமிடப் படம் எடுக்கிறானாம். பிள்ளை பிடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. நடிக்க வந்த மூன்று நடிகைகளும் கண்ணை உருட்டுகிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள், சரிப்படவில்லை என்றான். வேனக்கா சிரித்துவிட்டு, தனக்கு நடிப்பெல்லாம் வராது என்றாள். நடிக்கவே வேண்டாம் என்றான் அவன். வேனில் தினமும் சொல்வதைச் சொன்னால் போதும், மீதியை இசை பார்த்துக்கொள்ளும்.

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தான் ஏற்றி இறக்கிய நூறு பிள்ளைகளில் திரும்பி வந்து கதவைத் தட்டியவன் இவன் ஒருவன்தான்.

ஒரு பள்ளி வாசலில் அரை நாள் படப்பிடிப்பு. வாந்தியின் அக்கா மகள், ஐந்து வயது, பள்ளிப் பையோடு நின்றாள். வேனக்கா குனிந்து நாலு வாக்கியத்தையும் சொன்னாள். அந்தக் குழந்தை வசனத்தையெல்லாம் மறந்துவிட்டு, கேட்டதும் பையை நீட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. கேமராக்காரன் வாயைப் பிளந்தான். அப்புறம் ஒரு நெருக்கக் காட்சி. “சிரிங்கக்கா,” என்றான் வாந்தி. “நான் பத்து எண்ற வரைக்கும் சிரிப்பைக் கலைக்காதீங்க.” அவள் கலைக்கவில்லை. எந்த நல்ல முகமும் பத்து எண்ணும்வரை ஒரே சிரிப்பைத் தாங்காது. ஐந்தில் அது மரத்துப்போகும். எட்டில் அதற்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வாந்தி மெதுவாகத்தான் எண்ணினான்.

இதுவரை யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இனிமேல்தான் பாடத்திட்டம் வருகிறது.

அந்தக் கல்லூரியில் படம் எடுத்தால் மட்டும் போதாது. வெளியீட்டுக்குத் தனித் தாள் உண்டு, நூறு மதிப்பெண். அதை நடத்திய பேராசிரியர் முன்னொரு காலத்தில் இரண்டு வருடம் கூந்தல் தைலத்துக்கு விளம்பரம் எழுதியவர். அந்த இரண்டு வருடத்தைத்தான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறார். அவர் விதிப்படி, ஒவ்வொரு குழுவும் தன் படத்தை மூன்று மாணவர்கள் கொண்ட வயதுச்சான்றுக் குழுவுக்குக் காட்ட வேண்டும். குழு நாலில் ஒரு சான்று கொடுக்கும்: எல்லோருக்கும், ஏழுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினெட்டுக்கு மேல். பிறகு விளம்பரம். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் முப்பது மதிப்பெண்.

குழு படத்தைப் பார்த்தது. ரத்தம் இல்லை, கத்தி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, யாரும் புகைக்கக்கூட இல்லை. ஏழுக்கு மேல் என்று சான்று கொடுத்துவிட்டது.

வாந்திக்கு முகம் செத்துவிட்டது. ஏழு வயதுக்காரன் பார்க்கலாம் என்று அரசு முத்திரை மாதிரி ஒன்றைக் குத்திக்கொண்டு திகில் படத்தை எப்படி விற்பது? வகுப்பில் அவனுக்கு இரண்டு நாள் பால்புட்டி காட்டினார்கள். அவன் குழுவில் விளம்பரப் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. கூர்மையான பெண், எப்போதும் மடிக்கணினியில் ஓர் அட்டவணை திறந்திருக்கும். மேல்முறையீடு எழுதியவள் அவள்தான். படத்தில் பயங்கரம் எங்கே என்று குழு கேட்கிறது. பயங்கரம் அந்த நடிகையின் முகத்தில் இருக்கிறது. ரத்தத்தைக் கழுவிவிடலாம். நாளைக்குப் பள்ளி வாசலில் நிற்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் குழந்தைக்கு இந்த முகம்தான் நினைவுக்கு வரும். இப்படி ஒன்றரைப் பக்கம்.

மேல்முறையீடு வென்றது. குழுவின் தலைவனுக்கு வயது பத்தொன்பது, அவனிடம் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்த ஒரு முத்திரை இருந்தது. புதிய சான்றில் அவன் இப்படி எழுதினான்: ‘பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் மட்டும். காரணம்: நடிகையின் முகமும் குரலும் குழந்தைகளுக்கு நீடித்த அச்சம் தரக்கூடியவை.’ முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதனால் இன்னும் உண்மையானதாகத் தெரிந்தது.

அடுத்தது சுவர். படத்தின் பெயர் போட்ட போஸ்டரில் சான்றும் கல்லூரிப் பெயரும் இருந்தாக வேண்டும் என்பது பேராசிரியரின் விதி. பெயரே போடாத முன்னோட்ட நோட்டீசுக்கு அந்த விதி கிடையாது. விளம்பரப் பெண் இதை இரண்டாம் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மலிவான தாளில், ஜெராக்ஸ் கறுப்பில், எட்டாவது எண்ணிக்கையில் பிடித்த வேனக்காவின் முகம். அதற்கு மேலே: ‘இந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா?’ கீழே: ‘உங்கள் குழந்தையை இவளிடம் பேச விடாதீர்கள்.’ அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டால் பதிவுசெய்த குரல் ஒன்று, வெள்ளிக்கிழமை ஐந்து மணி, கல்லூரி அரங்கம், பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்ல வேண்டும் என்பது திட்டம். அந்தக் குரலைப் பதிவு செய்ய வேண்டியவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. புதன்கிழமை பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எந்தத் தெருவில் ஒட்டுவது என்ற கேள்வி வந்தபோது, கல்லூரியைச் சுற்றி வேண்டாம், அங்கே எல்லோருக்கும் இது படம் என்று தெரிந்துவிடும் என்றாள் அவள். தெரியாத ஜனம் வேண்டும், குழந்தை உள்ள வீடுகள் வேண்டும். வாந்தி யோசித்து, தனக்கு மனப்பாடமான ஒரு வழியைச் சொன்னான். தண்ணீர்த்தொட்டித் திருப்பம், மாவு மில் முனை, பள்ளிப் பின்பக்கச் சுவர். சின்ன வயதில் ஆறு வருடம் போய்வந்த வழி அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்பது நோட்டீசுகளையும் அந்த வழியில் வரிசையாக ஒட்டிவிட்டு வந்தார்கள். வேன் நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு.

திங்கட்கிழமை காலை முதல் நிறுத்தத்தில் ஒரு குழந்தை குதூகலமாகச் சுவரைக் காட்டி, வேனக்கா அங்கே இருக்கிறாள் என்றது. வேனக்கா எட்டிப் பார்த்தாள். நடித்தது ஞாபகத்துக்கு வந்து அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். நல்லாத்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். கண்ணாடி வீட்டில் இருந்ததால் எழுத்தைப் படிக்கவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் பிள்ளை வெளியே வரவில்லை. ஏழாவது நிறுத்தத்தில் ஒரு தகப்பனார் தானே ஸ்கூட்டரில் விட்டுவிடுவதாகச் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் வேன் சக்கரத்தைப் பார்த்தார். பதினேழில் ஒன்பதுதான் அன்று ஏறியது.

மத்தியானத்துக்குள் அந்த எண்ணுக்கு இருநூறு அழைப்பு. பதிவுக் குரல் இல்லாததால் விளம்பரப் பெண்ணே எடுத்தாள். அந்தப் பெண் பள்ளி வேனில் இருக்கிறாள், வண்டி எண் இது, உடனே வாருங்கள் என்று ஜனங்கள் பதறினார்கள். அவள் பொறுமையாக நன்றி சொல்லி, நேரம், தெரு, ஆணா பெண்ணா, குரலில் பதற்றம் எவ்வளவு என்று அட்டவணையில் நிரப்பினாள். பதற்றத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை.

சாயங்காலம் வேன்காரர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அவருக்கு அறுபது வயது. வேனுக்கு இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி. விஷயம் தெளிந்ததும் சீட் அவளுடையதுதான் என்று ஸ்டியரிங்கைத் தொட்டுச் சொன்னார். அடுத்த நாள் அவள் வேனில் இல்லை. அவள் பிடிபட்ட கதை இப்படித்தான் பிறந்தது.

வீட்டில் நாத்தனார் நோட்டீஸ் ஒன்றைச் சுரண்டி எடுத்துவந்து மேஜையில் விரித்து வைத்திருந்தாள். அவள் தம்பி, அதாவது வேனக்காவின் கணவர், தலையைக் குனிந்துகொண்டு ஒரு மெஷினின் அடிவயிற்றில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் குரலை உயர்த்தவில்லை.

“ஜனங்களைக் குத்தம் சொல்லி என்ன புண்ணியம்? பெத்தவ ஒருத்தி முகத்தை ஒட்டியிருந்தா, சேச்சே இருக்காதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாங்க. உன் முகத்துக்கு எதுக்கு யோசிக்கணும்?”

எண்ணெய்க் குப்பி நின்றது, பிறகு தொடர்ந்தது. வேனக்கா நோட்டீசை நாலாக மடித்தாள்.

புதன்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கதவோர சீட். அதற்கு, சுவரில் இருப்பது வேஷம் என்று யாராவது சொல்ல வேண்டும். பேராசிரியர் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்பு, கல்லூரி வரலாற்றிலேயே கிடையாது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கடிதம் கேட்டாள். தாராளமாகத் தரலாம், ஆனால் மதிப்பீடு முடியும்வரை பிரச்சாரத்தில் கைவைத்தால் மற்றக் குழுக்கள் ஆட்சேபிக்கும், மாணவர்களின் எதிர்காலம் இல்லையா என்றார். எதிர்காலம் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நடைவழியில் வாந்தி தொப்பியைக் கழற்றி நின்றான். அவனுக்கு உண்மையிலேயே சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடம் இருக்கிறவர்கள்தான் பெரிய வாக்குறுதி கொடுப்பார்கள்.

“வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாங்கக்கா. வேன்காரர், பேசற அம்மாங்க, எல்லாரையும். படம் முடிஞ்சதும் பேரு ஓடும்ல, அதுல முதல் பேரு உங்க பேருதான். நடிப்புன்னு போட்டு, திரை நிறைய. அதைக் கண்ணால பாத்துட்டா அப்புறம் யாரு வாயைத் திறப்பாங்க?”

சரியாகத்தான் பட்டது. அவள் வேன்காரரைச் சம்மதிக்க வைத்தாள். இரண்டு அம்மாக்களையும் சம்மதிக்க வைத்தாள். ஒருத்தி வங்கியில் வேலை செய்பவள், பெற்றோர் குழுவில் அவள் சொன்னால் சொன்னதுதான். இன்னொருத்தி வங்கி அம்மா எதைச் சொன்னாலும் தலையாட்டுபவள். வங்கி அம்மாவின் மகள்தான் வேனில் இருந்ததிலேயே சின்னவள். நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள் வங்கி அம்மா. நியாயமான பேச்சு.

வியாழக்கிழமை விளம்பரப் பெண் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தாள். அழைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்டது ஒரே கேள்வி: யார் இவள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பிரச்சாரம் அங்கேயே படுத்துவிடும். மதிப்பீடு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் வாந்தியிடம் பேசினாள். அவன் ஒரு மணி நேரம் மறுத்தான். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பெயரை அழித்து, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அரங்க வாசலில் ஒரு மாணவன் வயது பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். அறுபது வயது வேன்காரரிடம் அடையாள அட்டை கேட்டான். அவர் தன் நரைத்த மீசையைத் தடவி, வரும் மாசியோடு பதினெட்டு முடிகிறது தம்பி என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாலையில் வேனக்கா சிரித்தது அந்த ஒரு தடவைதான், தானாக.

விளம்பரப் பெண் அவளைத் தனியே அழைத்தாள். படம் ஓடும்போது உள்ளே உட்கார வேண்டாம், முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது இந்தக் கதவோரம் நின்று அவர்களைப் பார்த்தால் போதும் என்றாள். சும்மா ஒரு சிரிப்பு. வேனக்கா யோசித்தாள். பெயரைத் திரையில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதே பெயருள்ள ஆளைக் கதவோரம் பார்ப்பார்கள். இவள்தான் அந்த நடிகையா, நம்ம வேனக்காவா என்று நாலு வார்த்தை பேசுவார்கள். நல்லதுதான் என்று பட்டது. கதவோரம் நிற்பது அவளுக்குப் புதிதும் இல்லை. இதற்கு அரங்க அனுபவம் என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது.

உள்ளே முதலில் திரையில் சான்று வந்தது. நிஜப் படங்களில் வருவது போலவே, முத்திரையோடு, அரை நிமிடம். வங்கி அம்மா அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு படம். பள்ளி வாசல், குழந்தை, குனிகிற முகம். பையைக் குடு, நான் தூக்கிக்கறேன். கீழே ஒரு வயலின் ஒரே சுரத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. அழக்கூடாது. அம்மா வந்துடுவாங்க. இப்ப நாம ரெண்டு பேரும் போலாமா. வேன்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து எண்ணும்வரை திரை முழுக்க அந்தச் சிரிப்பு. அப்புறம் இருட்டில் எழுத்து: ‘அவளாக நடித்தவர்: ?’

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. கதவோரம் அவள் நின்று சிரித்தாள்.

முன்னால் வந்த மாணவிகள் அலறினார்கள். அலறலில் பாதி சந்தோஷம், அந்த வயதில் அப்படித்தான். பின்னால் வந்த வங்கி அம்மா அலறவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேனக்கா பழக்கத்தில் ஓர் அடி முன்னால் வந்து, கூட்டத்தில் நசுங்குகிறதே என்று அந்தப் பைக்குக் கை நீட்டினாள்.

“பையைக் குடுங்க, நான்...”

மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வங்கி அம்மா சுவரோடு சுவராக ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, படியிறங்கிப் போய்விட்டாள். இன்னொருத்தி தலையாட்டியபடி பின்னாலேயே போனாள். விளம்பரப் பெண் இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவைத் தாழ்த்திவிட்டு, அருமை என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

வேன்காரர் அவளை வீடு வரை கொண்டுவந்து விட்டார். வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

“நீ நல்லவம்மா. எனக்குத் தெரியாதா? படம்னும் தெரியுது, நடிப்புன்னும் தெரியுது. ஆனா நீ அங்க சொன்னது பதினோரு வருஷமா எனக்குப் பின்னாடி உக்காந்து சொல்றதுதானே. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். தினம் கேட்டுட்டுதான் வண்டி ஓட்றேன். இன்னிக்கு எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு.”

“இனிமே பேசலண்ணா. வாயே திறக்காம உக்காந்துட்டு வரேன்.”

அவர் அதையும் யோசித்துத்தான் பார்த்தார். அந்த முகம், பேசாமல், கதவோரம்.

“அது இன்னும் மோசம்மா,” என்றார்.

பெற்றோர் குழுவின் கைபேசிகளில் அன்றே சான்றின் படம் சுற்றியது. முகமும் குரலும் குழந்தைகளுக்கு நீடித்த அச்சம் தரக்கூடியவை, முத்திரையோடு. எந்த அலுவலகம் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை இத்தனை நாள் எப்படி வைத்திருந்தீர்கள் என்றுதான் வேன்காரரைக் கேட்டார்கள். திங்கட்கிழமை கதவோர சீட்டில் வேறொருத்தி இருந்தாள். இருபத்துமூன்று வயது, காதில் பாட்டுக் கேட்கும் கருவி. பிள்ளைகளிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதில் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி.

வேனக்கா ஒரே ஒருமுறை அந்தக் குழந்தைகளிடம் கேளுங்கள் என்று சொல்லிப்பார்த்தாள். பதினேழும் ஒரே குரலில் அவளுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் குழந்தைகளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். படத்தைப் பார்த்தால்தானே தெரியும், படத்தைப் பார்க்கத்தான் அவர்களுக்கு வயதில்லையே.

வாந்தியின் குழுவுக்குத் தொண்ணூற்று நாலு மதிப்பெண் வந்தது. நோட்டீசுகளையெல்லாம் அவர்களே வந்து சுத்தமாகக் கிழித்து எடுத்தார்கள். சுற்றுப்புறப் பொறுப்புக்கு ஐந்து மதிப்பெண் இருந்தது. பேராசிரியர் சொன்னபடி கடிதமும் கொடுத்தார், தேர்வு முடிவு வந்து மூன்று வாரம் கழித்து. நல்ல தாள். இவர் எங்கள் மாணவர் படத்தில் சிறப்பாக நடித்தார் என்று இருந்தது. அதை வாங்கிப் படித்த வேன்காரர், சிறப்பாக என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு பத்திரமாக மடித்து அவளிடமே கொடுத்தார். வாந்திக்கு இன்னும் பெரிய படம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். பேச வந்தவர்கள் நடிகையைப் பற்றிக் கேட்டபோது, அது ரகசியம் என்று சொன்னானாம்.

வேனக்காவுக்கு ஒரு விடுதியின் சலவை அறையில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்புகளைப் பிரித்து, உதறி, எட்டாக மடித்து அடுக்குவது. நாளொன்றுக்கு முன்னூறு. அவை அழுவதில்லை, அவற்றிடம் எதுவும் சொல்ல வேண்டியதும் இல்லை. முதல் மாதம் கை தானாக அடுக்கைப் பதினேழு பதினேழாகப் பிரித்தது. மேற்பார்வையாளர் இருபது இருபதாக அடுக்கச் சொன்னார். பழகிக்கொண்டாள். நாத்தனார் இப்போது அவளைக் குத்துவதில்லை. தெரு முழுக்க அந்த வேலையை எடுத்துக்கொண்டபின் அவளுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் நோட்டுப் புத்தகக் கடையில் கணவருக்கு ரசீதுப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தாள். முழங்கை உயரத்தில் யாரோ அவள் துணியை இழுத்தார்கள். வங்கி அம்மாவின் மகள். இப்போது முன்பல் ஒன்று இல்லை. அவள் அம்மா இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி, கடைக்காரரிடம் கிரயான் டப்பாவின் விலையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

வேனில் திறந்து மூட முடிகிற ஜன்னல் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒருவர் அதில் உட்காரலாம். பெரியவன், சின்னவன், கெஞ்சல், அழுகை எதுவும் செல்லாது. வரிசை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அது வேனக்காவின் தலையில் இருந்தது, பதினோரு வருடமாக ஒரு பிள்ளைக்கும் அதில் அநியாயம் நடந்ததில்லை. அவள் வேனில் இல்லாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தச் சின்னவளின் முறை. வேனில் சேர்ந்து பதினேழு நாள் காத்திருந்து வந்த முதல் முறை.

“வேனக்கா, அன்னிக்கு என் டர்ன். நீங்க வரவே இல்ல,” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. “புது அக்கா பெரிய பசங்களையே உக்கார வைக்கிறாங்க. என் டர்ன் இன்னும் பாக்கி.”

வேனக்கா வாயைத் திறந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான். அம்மாவின் முதுகு இரண்டடி தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குள் முதுகு திரும்பிவிட்டது. வங்கி அம்மா ஒன்றும் சத்தம் போடவில்லை. படித்தவள். மகளின் தோளைப் பிடித்து, தன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் கடையை விட்டு இறங்கினாள்.

சாலையைக் கடக்கும்போது சின்னவள் அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்தாள். தன் பாக்கியை வேனக்கா மறந்துவிடப் போகிறார்களே என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று.